அடுப்படி அக்கா பதில்கள்: சமைச்சவங்களும் சூடா சாப்பிடணும்

இந்த மாசம் வந்த கடிதங்களைப் பிரிச்சா, பாதி பேரு மாவு பொங்கலை, பருப்பு வேகலைன்னு எழுதியிருக்கீங்க, மீதி பாதி பேரு வீட்டுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறதே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒரே அடுப்படியில நடக்கற விஷயம்தானே, அதனால பிரிக்காம கலந்தே பதில் சொல்றேன்.

கேள்வி: அக்கா, சென்னையில இருந்தவரைக்கும் இட்லி அவ்ளோ சாஃப்ட்டா வரும். கல்யாணமாகி பெங்களூரு வந்ததுலேர்ந்து ராத்திரி அரைச்சு வெச்ச மாவு காலைல அதே அளவுலதான் கிடக்கு. ஆப்ப சோடா போடச் சொல்றாங்க, போடலாமா? (பெங்களூரு வாசகி)

சோடாவே வேண்டாம்மா, உன் கைல எந்தக் குறையும் இல்ல, ஊரு குளுருதான் காரணம். மாவு பொங்கறதுங்கறது உளுந்துலயும் அரிசியிலயும் தானாவே இருக்கற நுண்ணுயிர்கள் செய்யற வேலை. அதுங்க மாவுல இருக்கற சர்க்கரையைத் தின்னு புளிப்பையும் கரியமில வாயுவையும் விடும், அந்த வாயுவை உளுந்தோட கொழகொழப்பு வெளிய விடாம பிடிச்சு வெச்சுக்கும், அதனாலதான் மாவு மேல ஏறுது. சென்னை சூட்டுல ஏழெட்டு மணி நேரத்துல முடியற வேலை, பெங்களூருல டிசம்பர் ஜனவரி ராத்திரியில 15, 16 டிகிரிக்கு இறங்கிடும்போது பன்னெண்டு மணி நேரம் ஆனாலும் முடியாது. அதனால மொதல்ல நேரத்தை மாத்து, ராத்திரி பத்து மணிக்கு அரைக்கறதை சாயந்தரம் நாலஞ்சு மணிக்கே அரைச்சு வெச்சுடு.

அப்புறம் அளவு. இட்லி அரிசி நாலு டம்ளர், முழு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு டீஸ்பூன். புது உளுந்தா பாத்து வாங்கு, பழைய உளுந்து எவ்ளோ அரைச்சாலும் காணாது. மிக்சியில அரைக்கறதா இருந்தா ஐஸ் தண்ணி ஊத்தி, நிறுத்தி நிறுத்தி அரைக்கணும், ஏன்னா மிக்சி ஓடற வேகத்துல மாவு சூடாயிடும். உளுந்து அரைச்சதை ஒரு கிண்ணம் தண்ணியில துளி கிள்ளிப் போட்டுப் பாரு, மிதந்துச்சுன்னா போதும், மூழ்கினா இன்னும் கொஞ்சம் ஓடவிடு. ரெண்டு மாவையும் கையை விட்டு அடியிலேர்ந்து நல்லா கலக்கு. உப்பு அந்த நுண்ணுயிர்களோட வேகத்தைக் குறைக்கும், அதனால குளுர் காலத்துல மட்டும் பொங்கினதுக்கு அப்புறம் காலைல உப்பு போட்டுக்கோ. கடைசியா பாத்திரத்தை வெக்கற இடம், ஓவன் இருந்தா சூடு பண்ணாம உள்ள லைட்டை மட்டும் போட்டுட்டு அதுக்குள்ள வெச்சுடு, இல்லையா பெரிய குக்கர்ல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி மாவுப் பாத்திரத்தை அதுக்குள்ள இறக்கி மூடி வெச்சுடு. இவ்ளோவும் பண்ண நேரமில்லாத வாரத்துல கடை மாவு வாங்கிக்கோ, அதுல ஒண்ணும் தப்பில்ல, வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போறப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா கிரைண்டர் முன்னாடி நிக்கணும்னு எந்தச் சட்டமும் கிடையாது.

கேள்வி: எங்க வீட்டு துவரம்பருப்பு ஆறு விசில் விட்டாலும் முழுசு முழுசா நிக்குது. கடையை மாத்தியும் பாத்தாச்சு. (திருப்பூர் வாசகி)

போர் தண்ணியில வேக வெக்கறீங்கன்னு நினைக்கறேன். உப்புத் தண்ணியில இருக்கற கால்சியம் பருப்போட சதையை இறுக்கிடும், எத்தனை விசில் விட்டாலும் குழையாது. பருப்புக்கு மட்டும் கேன் தண்ணியோ ஃபில்டர் தண்ணியோ ஊத்துங்க, அரை மணி நேரம் ஊற வெச்சுட்டு, மஞ்சத்தூள், துளி எண்ணெய் விட்டு வேக வைங்க. தக்காளி, புளி ரெண்டும் பருப்பு வெந்த பிறகுதான் போகணும், புளிப்பு பட்டா பருப்பு வேகறது நின்னு போயிடும். இவ்ளோ பண்ணியும் வேகலைன்னா அது ரொம்ப நாள் மூட்டையில கிடந்த பழம்பருப்பு.

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு, மதுரையில அம்மா அப்பா தங்கச்சியோட இருக்கேன். எங்க வீட்டுல ராத்திரி எப்பவும் தோசைதான். நாங்க மூணு பேரும் சூடா சாப்பிட்டு எந்திரிச்சதுக்கு அப்புறம் அம்மா தனியா அடுப்படியிலயே நின்னுக்கிட்டு ஆறிப்போனதை சாப்பிடறாங்க. ஊத்தித் தரேன்னு சொன்னா "உனக்கு வராதுடா, போ"ங்கறாங்க. என்ன பண்ணலாம்? (மதுரை வாசகர்)

தம்பி, இந்தக் கடிதத்தைப் படிச்சதும் மனசு நிறைஞ்சுடுச்சு. நம்ம ஊர்ல முக்காவாசி வீட்டுல இதுதான் நடக்குது, யாரும் கெட்டவங்க இல்ல, அம்மாவும் சந்தோஷமாத்தான் ஊத்தறாங்க, ஆனா தோசைங்கற பண்டத்தோட குணம் அப்படி, கல்லுலேர்ந்து தட்டுக்கு வந்த ரெண்டு நிமிஷத்துல சாப்பிட்டாத்தான் அது தோசை, அதனால ஊத்தறவங்க எப்பவும் கடைசிதான். தோசை ஊத்தறவங்க மாறினாத்தான் இது மாறும். "நீ உக்காரும்மா"ன்னு வாயால சொல்றதுல பிரயோஜனம் கிடையாது, உனக்கு ஊத்தத் தெரிஞ்சிருக்கணும், நீ ஊத்தற தோசை அவங்க நம்பி சாப்பிடற மாதிரி இருக்கணும், அப்பத்தான் உக்காருவாங்க.

அதனால கத்துக்கோ. பகல்ல வீட்டுல யாரும் அவசரத்துல இல்லாத நேரமா பாத்து ஆரம்பி. இரும்புக்கல்லை மிதமான தீயில நல்லா காயவிடு, ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சா முத்து முத்தா ஓடி மறையணும். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில குத்தி நல்லெண்ணெயில தொட்டு கல்லு பூரா தேய். இப்ப இருக்கற சூட்டுல மாவை ஊத்தினா கரண்டியோட சுருண்டுக்கிட்டு வரும், அதனால தீயைக் குறைச்சு, ஒரு கை தண்ணி தெளிச்சு துடைச்சுட்டு, உடனே நடுவுல மாவை விட்டு கரண்டியை அழுத்தாம உள்ளேர்ந்து வெளிய சுத்திக்கிட்டே வா. அழுத்தறதுதான் புதுசா ஊத்தறவங்க எல்லாரும் பண்றது, கரண்டி மாவு மேல மிதக்கணும், கல்லைத் தொடக்கூடாது. பரப்பினதும் தீயைக் கூட்டு, ஓரத்துல எண்ணெய் விடு, ஓரம் தானா தூக்கிக்கிட்டு வர்றப்பதான் தோசைக்கரண்டியை உள்ள விடணும், அதுக்கு முன்னாடி நோண்டினா கிழியும். மொத தோசை ஒட்டினா பயப்படாத, அது கல்லு பழகறதுக்கு, எங்க ஊர் பாட்டிங்க எல்லாருக்கும் அப்படித்தான் வரும்.

அப்புறம் ஒரு யோசனை. இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தா அடிப்பக்கம் தட்டையா இருக்கற இரும்புக்கல்லு அதுல நல்லாவே வேலை செய்யும். அதை ஹாலுக்கே கொண்டு வந்து வெச்சுடுங்க, மாவு, சட்னி, மொளகாப்பொடி, எண்ணெய் எல்லாத்தையும் சுத்தி வெச்சுட்டு நாலு பேரும் உக்காருங்க, ஆளுக்கு நாலு தோசை ஊத்திட்டு கரண்டியை அடுத்தவங்ககிட்ட குடுத்துடணும், அப்பாவும் ஊத்தணும், அவருக்கு வரலைன்னா ஊத்தப்பம் ஊத்தட்டும், அது யாருக்கும் வரும். தங்கச்சி ஊத்தறது ஏதோ நாட்டு மேப் மாதிரி வந்தாலும் அதையும் எல்லாரும் பங்கு போட்டு சாப்பிடுங்க. மொத தோசை அம்மா தட்டுல விழணும், அதை மட்டும் விட்டுக்குடுக்காத. அவங்க கொஞ்ச நாளைக்கு எந்திரிச்சு எந்திரிச்சு போவாங்க, பழக்கம் அப்படி, விடாம உக்கார வை. வாரத்துல ரெண்டு நாளாவது இட்லி, சாம்பார் சாதம், கூட்டாஞ்சோறுன்னு ஒரே நேரத்துல எல்லாம் ரெடியாகற அயிட்டமா பண்ணுங்க, அன்னிக்கு யாரும் அடுப்புகிட்ட நிக்கவே வேண்டியதில்ல.

கேள்வி: பாட்டி வெச்சிருந்த ஈயச்சொம்பு ஒண்ணு பரண்லேர்ந்து கிடைச்சுது. ரசம் வெக்க ஆசையா இருக்கு. ஆனா ஈயம் விஷம்னு மகள் தடுக்கறா. யாரு சொல்றது சரி? (கும்பகோணம் வாசகி)

உங்க ஆசையும் நியாயம், மகளோட பயமும் நியாயம்மா. ரசச்சொம்பு செய்யறது வெள்ளீயத்துல, விஷம்னு சொல்றது காரீயத்தை. ரெண்டும் வேற வேற உலோகம். காரீயம் உடம்புல கொஞ்சம் சேந்தாலும் கெடுதல்தான், குழந்தைங்க மூளை வளர்ச்சியையே பாதிக்கும், இவ்ளோ வரைக்கும் பரவாயில்லைங்கற பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு அதுக்குக் கிடையவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. பிரச்சனை என்னன்னா பழைய சொம்புல வெள்ளீயத்தோட காரீயம் கலந்திருக்க வாய்ப்பு இருக்கு, அதுவும் ரசம் புளிப்பு, புளிப்பு பட்டா காரீயம் சாப்பாட்டுல இறங்கும். வெள்ளைத் தாள்ல தேச்சா கறுப்பா கோடு விழுந்தா காரீயம், விழலைன்னா வெள்ளீயம்னு பெரியவங்க சொல்வாங்க, கோடு விழுந்தா அந்தச் சொம்பை உடனே ஓரங்கட்டிடலாம், ஆனா விழலைங்கறதுக்காக நம்பி சமைச்சுடாதீங்க, கொஞ்சமா கலந்திருந்தா இதுல தெரியாது. உலோகத்தை டெஸ்ட் பண்ணித் தர்ற லேப்ல குடுத்து பாத்துட்டு காரீயம் இல்லைன்னு தெரிஞ்சாத்தான் அடுப்புல ஏத்தணும். இல்லைன்னா பாட்டி ஞாபகமா ஷோகேஸ்ல இருக்கட்டும், ரசத்தை எவர்சில்வர்ல வைங்க.

டெஸ்ட்ல நல்லபடியா வந்துச்சுன்னா ஒரே ஒரு விஷயத்துல கவனம். வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிடும், வெறும் சொம்பை அடுப்புல வெச்சா கண்ணு முன்னாடியே ஓட்டையாயிடும். உள்ள தண்ணி இருக்கறவரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால பயமில்ல. மொதல்ல புளித்தண்ணி, தக்காளி, உப்பு, ரசப்பொடி எல்லாம் போட்டுட்டு அப்புறம்தான் அடுப்பைப் பத்த வெக்கணும், தீ சொம்போட அடியைத் தாண்டி பக்கவாட்டுல ஏறக்கூடாது. பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணி ஊத்தி, ஓரத்துல மஞ்சளா நுரை கட்டி நடுவுக்கு வரும் பாருங்க, அந்த நேரத்துல இறக்கிடணும், தளதளன்னு கொதிச்சா ரசம் கெட்டுது. தாளிப்பு தனியா இரும்புக்கரண்டியில நெய் விட்டு கடுகு, மொளகா, கருவேப்பிலை பொரிச்சு மேல ஊத்துங்க. கழுவறப்ப இரும்பு நார் போட்டு தேய்க்காதீங்க, ரொம்ப மென்மையான உலோகம் அது.

கேள்வி: பையனுக்கு கோதுமை ஒத்துக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அரிசி சாப்பாடுதான் குடுக்கறோம், அப்பவும் சில நாள் வயிறு சரியில்லாம போகுது. எங்க விடறோம்னு புரியலை. (சேலம் வாசகி)

டாக்டர்கிட்ட இதை மறுபடி சொல்லுங்க, அது மொத வேலை. சமையலறையில பாக்க வேண்டியது என்னன்னா, பெருங்காயம். அது ஈரான், ஆஃப்கானிஸ்தான் பக்கம் வளர்ற ஒரு செடியோட வேர்லேர்ந்து வடியற பிசின், ரொம்ப வீரியமா இருக்கும், அதை அப்படியே சமையல்ல போட முடியாதுங்கறதால கடையில விக்கறது கூட்டுப்பெருங்காயம், அதுல நிறைய பிராண்டுல மைதா கலந்திருக்கும். டப்பா பின்னாடி சின்ன எழுத்துல இருக்கும், படிச்சுப் பாருங்க, அரிசி மாவு கலந்தது தனியா கிடைக்குது, அதையே கேட்டு வாங்குங்க. ரவை, சேமியா ரெண்டும் கோதுமைதான், அதனால ரவா தோசையும் பையனுக்கு ஆகாது, மறந்துடாதீங்க. இன்னொண்ணு நிறைய பேருக்குத் தோணாதது, மொளகாத்தூளும் அரிசி மாவும் அரைக்கற மில்லுல அதே மிஷின்லயே கோதுமையும் அரைப்பாங்க, அந்த மாவு ஒட்டிக்கிட்டு வந்துடும். பையன் சாப்பாட்டுக்கு வேண்டிய பொடியை வீட்டு மிக்சியிலயே அரைச்சுடுங்க. தனியா சமைக்காதீங்க, எல்லாருக்குமே அதையே சமைங்க, நமக்கு மட்டும் வேற தட்டுன்னு குழந்தைக்கு ஒரு வருத்தம் வரக்கூடாது.

கேள்வி: வாழைப்பூ வாங்கினா சுத்தம் பண்ணவே ஒரு மணி நேரம் ஆகுது, கையெல்லாம் கறுப்பாகுது, அதனால வாங்கறதையே விட்டுட்டேன். ஈசியா ஏதாவது வழி இருக்கா? (தஞ்சாவூர் வாசகி)

ஈசி வழி இல்லைங்க, ஆனா இனிமையான வழி இருக்கு. ஒருத்தர் உக்காந்தா ஒரு மணி நேரம், நாலு பேர் உக்காந்தா கால் மணி நேரம். சனிக்கிழமை சாயந்தரம் ஹால்ல பேப்பரை விரிச்சு, எல்லாரும் கையில நல்லெண்ணெய் தடவிக்கிட்டு சுத்தி உக்காருங்க, எண்ணெய் தடவினா கறை ஒட்டாது. மடலை ஒண்ணொண்ணா உரிச்சு உள்ள இருக்கற பூக்கொத்தை எடுத்து, நுனியை மட்டும் உள்ளங்கையில லேசா தேச்சா இதழ் விரிஞ்சு நடுவுல குண்டுத்தலையோட ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்கும், அதான் கள்ளன், அதையும் அடியில இருக்கற கண்ணாடி மாதிரி சின்ன தோலையும் எடுத்துடணும், ரெண்டும் வேகாது, பல்லுல மாட்டும். கொத்தா பிடிச்சு தேச்சா நாலஞ்சு கள்ளனை ஒரே இழுப்புல எடுத்துடலாம், குழந்தைங்களுக்கு இது பிடிபட்டுடுச்சுன்னா யாரு நிறைய எடுத்தாங்கன்னு போட்டியே வெச்சுடுவாங்க. நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணியில போட்டா கறுக்காது. உள்ள போகப் போக பூ சின்னதாயிடும், அதுக்கு அப்புறம் கள்ளன் எடுக்கவே வேண்டாம், அப்படியே நறுக்கலாம். கடைசியா வெள்ளையா ஒரு குருத்து வரும், அதை குழந்தைங்க பச்சையாவே கேப்பாங்க, லேசா துவர்ப்பா மொறுமொறுன்னு இருக்கும், எங்க வீட்டுல அதுக்கு சண்டையே நடக்கும். சுத்தம் பண்ணினது மறுநாள் பருப்பு உசிலிக்கு ரெடி, அது தட்டுக்கு வரும்போது தான் கள்ளன் எடுத்த பூங்கறதுக்காகவே குழந்தைங்க சாப்பிடுவாங்க.

கேள்வி: அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு, காலைல ஃபில்டர் காபி அவர் பொறுப்பு. டிகாக்‌ஷன் இறங்கவே மாட்டேங்குதுன்னு தினமும் டென்ஷன் ஆகறாரு. (சென்னை, மேற்கு மாம்பலம் வாசகி)

அப்பா காபி போடறாரா, ரொம்ப சந்தோஷம்! ஃபில்டரோட மேல் பாத்திரத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு பாக்கச் சொல்லு, எல்லா ஓட்டையும் தெரியணும். அடைஞ்சிருந்தா அதைக் காலியா அடுப்புத் தீயில தலைகீழா காட்டினா உள்ள ஒட்டின பழைய தூள் கருகி உதிர்ந்துடும், ஆறினதும் பிரஷ்ஷால தேச்சு கழுவிடலாம். ஓட்டை சுத்தமா இருந்தும் இறங்கலைன்னா தூள்லதான் கோளாறு, ரொம்ப நைஸா அரைச்சிருப்பாங்க, இல்ல சிக்கரி ஜாஸ்தியா இருக்கும், சிக்கரி தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். பாக்கெட்டுல காபி எவ்ளோ, சிக்கரி எவ்ளோன்னு போட்டிருப்பாங்க, பாதிக்கு மேல காபி இருக்கணுங்கறது சட்டம், அதனால 51க்கு 49ன்னு கூட விக்கறாங்க. 80க்கு 20 வாங்குங்க. தூளை அமுக்கி அடைக்காம தட்டை மேல வெச்சு, கொதிச்சு அடங்கின தண்ணியை மொதல்ல கொஞ்சமா நனையற அளவு ஊத்தி, அரை நிமிஷம் விட்டு மீதியை ஊத்தச் சொல்லு. ராத்திரியே போட்டு வெச்சுட்டா காலைல டென்ஷனே இல்ல. அப்பா காபி போட்டா நீங்க உக்காந்து குடிங்க, அவர் கையால ஆத்தின காபியை கையில வாங்கி அவரோடயே திண்ணையிலயோ பால்கனியிலயோ உக்காந்து குடிக்கற பத்து நிமிஷம் இருக்கே, அதுக்காகவே சீக்கிரம் எந்திரிக்கலாம்.

கேள்வி: வெயில் காலம் வரப்போகுது, அம்மா மாதிரி மொட்டை மாடியில வடாம் பிழியணும்னு ஆசை. நாங்க இருக்கறது அபார்ட்மெண்ட். சரியா வருமா? (கோயம்புத்தூர் வாசகி)

தாராளமா வரும். மாடிக்கு வெயில் வருதான்னு மட்டும் பாருங்க, அசோசியேஷன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டீங்கன்னா முடிஞ்சுது, பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டுங்க, வடாம் ஒருத்தரா போடற வேலையே இல்ல.

ஜவ்வரிசி வடாம்லேர்ந்து ஆரம்பிங்க, பிழியற வேலை கிடையாது, கரண்டியில ஊத்தினா போதும். சேலம் பக்கம் மரவள்ளிக்கிழங்கு மாவுலேர்ந்து எடுக்கறதுதான் நம்ம ஜவ்வரிசி, 2023ல அதுக்கு புவிசார் குறியீடு கூட குடுத்தாங்க. ராத்திரியே ஊற வெச்சுட்டு விடிகாலை எந்திரிச்சு, ஒரு பங்கு ஜவ்வரிசிக்கு அஞ்சாறு பங்கு தண்ணி வெச்சு கண்ணாடியா ஆகறவரைக்கும் கிண்டணும். பச்சமொளகா, சீரகம், பெருங்காயம் அரைச்சு ஊத்தி, இறக்கினதும் எலுமிச்சம்பழம் பிழியுங்க. உப்பை கூழ்ல சரியா இருக்கற அளவுக்குப் போட்டுடாதீங்க, கம்மியாத்தான் தெரியணும், ஏன்னா தண்ணி வத்தினதும் அதே உப்பு பல மடங்கு தூக்கும். ஏழு ஏழரை மணிக்குள்ள மாடிக்குப் போயிடுங்க, பழைய பருத்தி வேட்டியை நனைச்சுப் பிழிஞ்சு விரிச்சு, நாலு மூலைக்கும் கல்லு வெச்சு, ஒரு குழிக்கரண்டி அளவு ஊத்தி லேசா வட்டமா இழுங்க. சாயந்தரம் மேல காஞ்சிருக்கும், அடி ஈரமா இருக்கும். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு பின்பக்கம் தண்ணி தெளிச்சா வடாம் உடையாம கழண்டு வரும், அதை தட்டுல பரப்பி இன்னும் ரெண்டு நாள் காயவிடுங்க. உடைச்சா படக்னு சத்தம் வரணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. காக்காவுக்கு கறுப்புக் குடையை விரிச்சு வைங்க, புறாத் தொல்லை இருந்தா பழைய கொசுவலையை மேல கட்டிடுங்க.

காவலுக்கு குழந்தைங்களை உக்கார வைங்க. சாயந்தரம் எண்ணிப் பாத்தா குறையும், திட்டாதீங்க! மேல காஞ்சு உள்ள பிசுபிசுன்னு இருக்கற பாதி காஞ்ச வடாத்தோட ருசி வேற எதுலயும் கிடையாது, அது கடையில விக்கவும் மாட்டான், வெயில் காலத்துல மாடியில உக்காந்து காவல் காத்த குழந்தைக்கு மட்டும்தான் கிடைக்கும். கணக்குல பத்து இருபதை அதுக்குன்னே ஒதுக்கி ஊத்துங்க.

கேள்வி: ரெண்டு பசங்களும் தட்டுல சாப்பாடு, கையில போன். பிடுங்கினா அழுகை. எப்படி மாத்தறது? (திருநெல்வேலி வாசகி)

பிடுங்காதீங்க, கைக்கு வேற வேலை குடுங்க. வாரத்துல ஒரு நாள் தட்டே வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒரு பெரிய பாத்திரத்துல குழைவா வடிச்ச சாதத்துல தயிரும் கொஞ்சம் பாலும் விட்டு நல்லா பிசைஞ்சு எடுத்துக்கிட்டு மாடிக்கோ வாசலுக்கோ போங்க, நிலா இருந்தா இன்னும் நல்லது. எல்லாரும் வட்டமா உக்காந்து கையை நீட்டணும், நடுவுல ஒருத்தர் உருட்டி உருட்டி உள்ளங்கையில வெக்கணும். வெச்சதும் பெருவிரலால நடுவுல ஒரு குழி பண்ணி, அதுல சுண்டவத்தக்குழம்பை எண்ணெயோட அரை ஸ்பூன் விடுங்க, குழம்பு ஓரமா வழிஞ்சு மணிக்கட்டுக்கு வர்றதுக்குள்ள வாய்ல போட்டாகணும், அந்தக் கையில போனை எங்கேர்ந்து பிடிக்கறது? அடுத்த உருண்டை தன் முறைக்கு வர்றதுக்குள்ள கதை பேசிக்கிட்டு இருப்பாங்க, தட்டுல ரெண்டு கரண்டி சாதத்துக்கு முகம் சுளிக்கற குழந்தை இதுல கணக்கில்லாம சாப்பிடும். பிசையறவங்களை மட்டும் மாத்திக்கிட்டே இருங்க, ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் உங்க வீட்டுக்காரர், பெரியவன் கொஞ்சம் வளந்துட்டான்னா ஒரு வாரம் அவன். உருட்டிப் போடறவங்க வாய்க்கும் நடுநடுவுல யாராவது ஊட்டிவிடணும்னு பசங்ககிட்டயே பொறுப்பா சொல்லிடுங்க, அதை அவங்க ரொம்ப கறாரா பண்ணுவாங்க.

வீட்டுல பெரியவங்க போனும் அன்னிக்கு கீழயே இருக்கணும். இதை அப்பாவுக்கும் சொல்லுங்க.

கேள்வி: மகள் டெல்லியில ஹாஸ்டல்ல இருக்கா, மெஸ் சாப்பாடு பிடிக்கலைங்கறா. கெடாம இருக்கற மாதிரி என்ன அனுப்பலாம்? (நாகர்கோவில் வாசகர்)

அப்பாவே கேட்டு எழுதியிருக்கீங்க, பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் நீங்களே செஞ்சு அனுப்பலாம்ண்ணே, ரெண்டுமே கஷ்டமில்லாத வேலை. பருப்புப்பொடிக்கு துவரம்பருப்பு ஒரு கப், பொட்டுக்கடலை கால் கப், வரமொளகா நாலஞ்சு, மிளகு ஒரு ஸ்பூன், துளி பெருங்காயம். பொட்டுக்கடலையைத் தவிர எல்லாத்தையும் எண்ணெய் இல்லாம சின்னத் தீயில தனித்தனியா வறுக்கணும், பருப்பு செவந்து வாசனை வர்றவரைக்கும் அவசரப்படக்கூடாது, கல்லுப்பையும் அதே சட்டியில ஒரு பிரட்டு பிரட்டிட்டு அரைச்சுடுங்க. மெஸ்ல சுடு சாதம் எப்படியும் இருக்கும், நெய்யோட இதைப் பிசைஞ்சா ஒரு வேளை முடிஞ்சுது. இன்னொண்ணு புளிக்காய்ச்சல், கெட்டியா கரைச்ச புளியை நல்லெண்ணெய் தாராளமா விட்டு, தண்ணி முழுக்க வத்தி எண்ணெய் மேல மிதக்கறவரைக்கும் சுண்டக் காய்ச்சினா ஃப்ரிட்ஜ் இல்லாமயே சில வாரம் தாங்கும். தேங்காப்பொடி வேண்டாம், அது சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும். ரூம்ல இருக்கற பொண்ணுங்களுக்கும் சேத்து ரெண்டு பங்கா அனுப்புங்க, ஒரு பாட்டில் அனுப்பினா நாலு பேர் சேந்து ரெண்டே நாள்ல காலி பண்ணிடுவாங்க, அவங்க ஊர் ஊறுகாயும் அந்தப் பக்கத்துலேர்ந்து வரும். ரெண்டையும் ராத்திரி பூரா நல்லா ஆறவிட்டு மறுநாள் காலைல ஈரமில்லாத பாட்டில்ல அடைங்க, சூட்டோட மூடினா உள்ள வேர்த்து, டெல்லி போய்ச் சேர்றதுக்குள்ள பூஞ்சை பிடிச்சுடும்.